எழுதியவர்: யாரோ

“அது எங்க வீட்டுக்காரக எழுத்துய்யா! ஒவ்வொரு சொல்லும் அவுக வாயால—”

“எழுத்துக்கு வீட்டுக்காரர் என்று ஒருவரும் கிடையாதம்மா. அதைத்தான் அரை மணி நேரமாக—”

“—பேசுன பேச்சு! ‘கந்தகம் மூக்குல குடியேறிப்போச்சு, சோத்துலகூட மணக்குது’ன்னு அவுகதான் சொல்லுவாக. வேற எவன்—”

“—சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரும் சொல்வார். சொற்களை யாருக்காவது பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறதா?”

“பட்டாவா கேட்டேன்? பேரக் கேட்டேன்யா, பேர!”

முத்துப்பேச்சி கையிலிருந்த காலாண்டிதழைக் கண்ணாடி மேசைமேல் ஓங்கிப் போட்டாள். காப்பி டம்ளர் ஒன்று குலுங்கி டபராவில் சிந்தியது. எதிரே பிரம்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்த டாக்டர் அய்யாதுரை சிந்திய காப்பியைப் பார்த்து முகம் சுளித்தார். அவள் முகத்தை அவர் இன்னும் பார்க்கவே இல்லை.

சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் செல்லக்கனி. அவளுக்கு வைத்த காப்பியில் ஆடை படிந்திருந்தது. இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவும் அவளுக்கு மனமில்லை.

செல்லக்கனி விருதுநகர்க்காரி, வயது நாற்பத்தெட்டு. மிளகாய் வத்தல் மண்டியில் ஆரம்பித்தவள். சாக்கில் கையை விட்டு முகர்ந்தே, மேலே நல்ல வத்தல், அடியில் பூசணம் பிடித்தது என்று சொல்லிவிடுவாள். காணாமல் போன லோடு எங்கே போயிற்று என்று கண்டுபிடித்துக் கொடுக்கப் போய், பிறகு ஊரில் காணாமல் போகிற எல்லாவற்றுக்கும் அவளையே தேடி வந்தார்கள். ‘துப்புக்கார அக்கா’ என்றால் சாத்தூர் வரைக்கும் தெரியும்.

இந்தத் தடவை காணாமல் போனது பதினோரு தாள்.

ஜூலை இருபத்து மூன்றாம் தேதி, வெம்பக்கோட்டைச் சாலையில் பத்திரகாளி அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் கொட்டகை வெடித்தது. ஆறு பெண்கள் போனார்கள். அவர்களோடு போர்மேன் பெத்தணனும் போனான். போர்மேனின் கவனக்குறைவுதான் காரணம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து பெத்தணன் பெண்டாட்டி முத்துப்பேச்சி கிணற்றடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆறு பேரைக் கொன்றவன் பெண்டாட்டி.

ஆனால் பெத்தணன் சாகுமுன், கொட்டகையில் என்னென்ன தப்பு நடக்கிறது என்று நாள்தவறாமல் எழுதி வைத்திருந்தான். அதை முதலாளியின் தம்பி, பிரான்சில் படித்துவிட்டு வந்த அய்யாதுரையிடம் கொடுத்திருப்பதாகப் பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தான். வெடித்து ஒரு மாதம் கழித்து அது அய்யாதுரையின் இதழில் கதையாக வந்தது. தலைப்பு ‘கொட்டகை’. எழுதியவர்: யாரோ. கூடவே அய்யாதுரையின் இருபது பக்கக் கட்டுரை.

முத்துப்பேச்சி அந்த இதழைக் கொண்டுபோய் விசாரணை அதிகாரியிடம் கொடுத்தாள். அதிகாரி அய்யாதுரையைக் கேட்டார். அய்யாதுரை நாலு பக்கம் பதில் எழுதினார்: ‘இது விபத்துக்குப் பிறகு தபாலில் வந்த கற்பனை. அனுப்பியவர் தெரியாது.’ நாளைக் காலை பதினொரு மணிக்கு விருதுநகரில் விசாரணையை முடிக்கப்போகிறார்கள்.

“டாக்டர் தம்பி,” என்றாள் செல்லக்கனி. “இந்தக் கதையில வார கொட்டகை உங்க அண்ணாச்சி கொட்டகைதான?”

அய்யாதுரை சிரித்தார். பல் வரிசையாக, சுத்தமாக இருந்தது.

“எல்லோரும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். ஒரு சொல் இன்னொரு சொல்லைத்தான் காட்டும். அது மூன்றாவது சொல்லைக் காட்டும். கடைசிவரை போனாலும் கொட்டகை வராது. பாரிசில் இரண்டு வருஷமாக இதுதான் பேச்சு. பிரதியைக் கட்டவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஆசிரியனும் இல்லை, அர்த்தமும் இல்லை. வாசிக்கிறவன்தான் எழுதுகிறான்.”

வாசலில் நின்ற கண்ணுச்சாமி தொண்டையைச் செருமினான். செல்லக்கனியின் டாக்சி டிரைவர். துப்பு வேலையில் பாதி அவனுடையது, வாய் மட்டும் முழுக்க அவனுடையது.

“அப்போ நானும் ஒரு வரி வாசிச்சேங்கய்யா. எனக்கும் சம்பளம் உண்டா?”

“ஏலே, சும்மா இரு.”

சொல் வழுக்கும் என்பது செல்லக்கனிக்குப் புதிதில்லை. சாக்கின்மேல் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே கிடப்பது வேறு. அவள் பிழைப்பே அதில்தான் ஓடியது. ஆனால் உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்க்கத்தான் அவள் சாக்கைப் பிரிப்பாள். ஒன்றும் கிடக்கவில்லை என்று சொல்வதற்காகச் சாக்கைப் பிரிக்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். ஆறு பொம்பளைகள் கரிக்கட்டையாகக் கிடந்த இடத்தில் நின்றுகொண்டு.

காப்பி டம்ளரை இன்னும் தள்ளி வைத்தாள்.

“சரி தம்பி. கையால எழுதுன தாளுக எங்கன?”

“அச்சேறிய பிறகு மூலம் எதற்கு? புரூப் தாள்களோடு கட்டிப் போட்டிருப்பார்கள். பட்டாசுக்குக் குழாய் சுருட்டப் போயிருக்கும்.” மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். “இந்நேரம் வெடியாகியிருக்கும். தீபாவளிக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு என் வாசகர் வட்டம் கூடுகிறது. வேறு ஏதாவது?”

முத்துப்பேச்சி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போனாள்.

---

“தோட்டக்காரனப் பிடிச்சேன்க்கா,” என்றான் கண்ணுச்சாமி, வண்டியைக் கிளப்பியபடி. “இந்த வீட்டுத் தாளுக்கட்டு எப்பவும் ஒரே ஆளுக்குத்தான் போகுமாம். வெம்பக்கோட்டை ரோட்டுல சுப்புத்தாயின்னு ஒரு அம்மா. வெடிக்குக் குழாய் சுருட்டுது. போன மாசமே கட்டு போயிருச்சு. நீங்க எதுக்குச் சிரிக்கீக?”

“சிரிக்கலலே. அந்தக் கட்டுரைய எடு.”

“வேண்டாம்க்கா. காலையில அதை வாசிச்சேன், வண்டி தானா நின்னுபோச்சு.”

செல்லக்கனி இதழைப் பிரித்தாள். கதை பதினோரு துண்டாக அச்சாகியிருந்தது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரு சின்ன ‘உ’. அய்யாதுரை அதைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தார். அவள் சத்தமாக வாசித்தாள்:

“‘மூலத்தின் ஒவ்வொரு தாளின் உச்சியிலும் நிற்கும் இந்தச் சுழி எதையும் குறிப்பதில்லை. இது எழுத்து தொடங்குமுன் நிற்கும் வெறுமை. யாரும் இதை வாசிப்பதில்லை.’”

“பிள்ளையார் சுழியாக்கா? அதுக்கா மூணு பக்கம்?”

“அதேதான். ஒவ்வொரு தாள்லயும் போட்டிருக்கான் பெத்தணன்.”

“அவுக கடுதாசி எழுதுனாலும் தாளுக்குத் தாளு போடுவாக,” என்றாள் பின்சீட்டில் முத்துப்பேச்சி.

“வேகமா ஓட்டுலே,” என்றாள் செல்லக்கனி.

---

சுப்புத்தாயின் குடிசைக்குள் மாவுப்பசை வாடை. பலகை முன்னால் உட்கார்ந்து இரும்புக் கம்பியில் தாளைச் சுற்றி, ஒரு தள்ளுத் தள்ளி, குழாயை உருவி எறிந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கை நிற்காமல் நிமிர்ந்தவள், செல்லக்கனிக்குப் பின்னால் முத்துப்பேச்சியைக் கண்டதும் கம்பியைக் கீழே வைத்தாள்.

“அவ உள்ள வரவேண்டாம். என் நாத்தனா மக அந்தக் கொட்டகையிலதான் வெந்தா.”

முத்துப்பேச்சி வாசலிலேயே, வெயிலில் நின்றுகொண்டாள்.

கண்ணுச்சாமி மூலையில் குவிந்திருந்த குழாய்களில் ஒன்றை எடுத்து மெல்லப் பிரித்தான். பசை பிடித்த அச்சுத்தாள் ஒட்டி ஒட்டி விரிந்தது.

“‘அர்த்தம் ஒருபோதும் வந்து சேர்வதில்லை, அது தள்ளிப்போய்க்கொண்டே...’ அம்புட்டுத்தான்க்கா. மிச்சம் அடுத்த குழாய்ல இருக்கு.”

இன்னொன்றைப் பிரித்தான். மூன்றாவதையும் பிரித்தான். எல்லாம் அச்சுத்தாள். கையெழுத்தின் சாயலே இல்லை.

“போச்சுக்கா. பெத்தணன் அண்ணாச்சி குழாயாகி, கம்பெனிக்குள்ளயே திரும்பிப் போயிட்டாக.”

செல்லக்கனி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “ஏம்மா சுப்புத்தாயி. அந்தக் கட்டுல கையெழுத்துத் தாளு வந்துச்சா?”

“வந்துச்சு. பத்துப் பதினஞ்சு இருக்கும்.”

“சுருட்டிட்டீகளா?”

சுப்புத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நல்லாக் கேட்ட போ! ஒவ்வொரு தாளு தலையிலயும் பிள்ளையாரு உக்காந்திருக்காரு. அவருக்குள்ள மருந்தக் கெட்டிச்சு, திரி வச்சுக் கொளுத்தச் சொல்றியா?”

“படிக்கத் தெரியுமா உனக்கு?”

“எனக்கெதுக்குப் படிப்பு? இந்த ஒரு எழுத்து தெரியும். சாமி படம் போட்ட லேபிளு, பிள்ளையார் சுழி போட்ட தாளு ரெண்டையும் இங்க எவளும் சுருட்ட மாட்டா. வைப்பாத்துல தண்ணி வந்தா விட்டுருவோம். இந்த வருசம் தண்ணி எங்கன வந்துச்சு?”

எழுந்துபோய், சுவரில் மாட்டியிருந்த அம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் துணிச்சுருளை எடுத்து வந்தாள். உள்ளே, ஓரம் மடங்கிய கோடு போட்ட தாள்கள். கண்ணுச்சாமி எண்ணினான். பதினொன்று.

“யக்கா,” என்றான், குரல் இறங்க. “மூணு பக்கம் எழுதுனவருக்கு இது தெரியல பாத்தீகளா.”

செல்லக்கனி முதல் தாளை வாசித்தாள். சத்தமாகத்தான் வாசித்தாள், வாசலில் நிற்பவளுக்கும் கேட்கட்டும் என்று.

“‘வைகாசி இருபது. இன்னைக்கும் கலவைய, கலக்குன தரையிலேயே காயப்போட்டிருக்கு. நாலு பேரு இருக்கவேண்டிய கொட்டகையில பதினோரு பேரு. ராக்காயி மக கால் தட்டிச் சட்டி உருண்டது. நான் ஓடிப் பிடிச்சேன். மேனேஜர்கிட்டச் சொன்னதுக்கு, சீசன் முடியட்டும்னாரு.’”

“ராக்காயி மகளா?” சுப்புத்தாய் பசைச்சட்டியைத் தள்ளி வைத்தாள். “அவதான் என் நாத்தனா மக. அவ சட்டியையா பிடிச்சான்?”

சுப்புத்தாய் ஒரு செம்பு தண்ணீர் மொண்டுகொண்டு வாசலுக்குப் போனாள். “வெயில்ல ஏன் நிக்கெ? இந்தா, குடி,” என்று அவள் சொல்வது உள்ளே கேட்டது.

செல்லக்கனி தாள்களைப் புரட்டினாள். கடைசித் தாளில் நின்றாள். ஓரத்தில், பெத்தணனுடையது அல்லாத வேறொரு கையெழுத்து. பச்சை மசி. வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். தாளை மஞ்சள் துணிமேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய், வேலியோரம் குனிந்து துப்பினாள். ஒரு தடவை துப்பியது போதவில்லை.

“என்னக்கா? வத்தல் சாக்குக்குள்ள தலைய விட்டாலும் அசராத ஆளு நீங்க.”

“வத்தல்ல பூசணம் பிடிச்சா மணம் வரும்லே. இது மணக்கவே இல்ல. செண்டு போட்டிருக்கு.”

“நேரா விருதுநகர் போயிரலாமா?”

“போனா அந்த டாக்டரு என்ன சொல்லுவான்? ‘தாளு கிடைச்சா என்ன, விபத்துக்குப் பெறகு எவனோ எழுதிப் போட்டதுதான்’ம்பான். ஓரத்துல கிறுக்குனது யாருன்னு கேட்டா, அதுக்கும் ‘யாரோ’ம்பான். அவன் வாயாலயே வரணும், நாலு பேர் முன்னால.” செல்லக்கனி புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். “நாலு மணிக்கு வட்டமாம்ல. போவோம்.”

---

வட்டத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கல்லூரி ஆசிரியர்கள் பாதி, அச்சக முதலாளிகள் பாதி. மைசூர்பாகுத் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது. அய்யாதுரை நடுவில் நின்று ‘ஆசிரியனின் மறைவு’ பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது செல்லக்கனி உள்ளே வந்தாள். கையில் மஞ்சள் துணிச்சுருள். பின்னால் முத்துப்பேச்சியும் கண்ணுச்சாமியும்.

அய்யாதுரையின் வாய் ஒரு நொடி நின்றது. பிறகு சிரித்தது.

“அடடே, மூலமே வந்துவிட்டது! பார்த்தீர்களா, பிரதி அழிவதில்லை. வாசியுங்கள் அம்மா, எல்லோரும் கேட்கட்டும். மனிதர்களை எரிக்கும் ஊரில் ஒரு தாளைக்கூட எரிக்க முடியவில்லை, என்ன நகைமுரண்!”

ரெண்டு பேர் சிரித்தார்கள். கண்ணுச்சாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கட்டாவிட்டால் அது எங்கே போய் விழும் என்று அவனுக்கே தெரியவில்லை.

“வாசிக்கத்தான் வந்தேன் தம்பி,” என்றாள் செல்லக்கனி, ரொம்பப் பணிவாக. “உங்க கதையில இல்லாத ஒரு துண்டு இதுல இருக்கு. ‘அய்யா, நீங்க படிச்சவுக. நீங்க சொன்னா உங்க அண்ணாச்சி கேப்பாக. ஒரு மழை விழுற வரைக்குமாவது இந்தக் கொட்டகையப் பூட்டச் சொல்லுங்க. உள்ள இருக்குறது பூராவும் பொம்பளப் பிள்ளைக.’ இத ஏன் அச்சுப் போடல?”

“ஒவ்வொரு வாசிப்பும் ஒரு தேர்வு.”

“அப்படியா! நான் வேற நெனச்சேன். இந்தத் துண்டு ஓரத்துல எவனோ அரைகுறை பச்சை மசியில கிறுக்கி வச்சிருக்கான். அத நம்பி நீங்களும் ஏமாந்து வெட்டிட்டீக போலன்னு.”

“கிறுக்கலா?”

“கேளுங்க. ‘இங்கே எழுதுபவர் கெஞ்சுகிறார். கெஞ்சல் பிரதிக்கு ஆகாது. நீக்குக. மற்றபடி அபாரமான பதற்றம். தீ இன்னும் வரவில்லை என்பதே இதன் அழகு.’” செல்லக்கனி உதட்டைப் பிதுக்கினாள். “அஞ்சாங் கிளாஸ் வாத்தியாரு திருத்துன மாதிரி இல்ல?”

மைசூர்பாகைக் கடித்துக்கொண்டிருந்த தமிழாசிரியர் ஒருவர் தலையாட்டினார். “ஏதோ கத்துக்குட்டி. இலக்கியம் தெரிந்தவன் எழுதியதாகத் தெரியவில்லை.”

“கத்துக்குட்டியா?”

அய்யாதுரையின் முகத்தில் ரத்தம் ஏறிவிட்டது. பாரிசு போய் வந்த தமிழும் எங்கோ போய்விட்டது.

“என்னய்யா தெரியும் உமக்கு? ‘தீ இன்னும் வரவில்லை என்பதே இதன் அழகு’ங்கிற வரிக்கு உம்ம கல்லூரியே ஈடாகாது! இந்த ஜில்லாவுல இப்படி ஒரு வாசிப்ப என்னையத் தவிர எவன் எழுதுவான்? அது என்னோடது! ஒவ்வொரு சொல்லும் என்னோடது!”

கண்ணுச்சாமி முதல் தடவையாக அந்த வீட்டில் உட்கார்ந்தான். சோபாவில், கால்மேல் கால் போட்டு.

“அப்பாடி,” என்றான். “ஆசிரியரு திரும்பி வந்துட்டாரு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. செல்லக்கனி அந்தத் தாளை வட்டத்தின் கையில் கொடுத்தாள். தமிழாசிரியர் முதலில் வாங்கினார். பச்சை மசியின் அடியில் அய்யாதுரை வழக்கமாகச் செய்வதுபோல், வாசித்த தேதியைப் போட்டிருந்தார். தமிழாசிரியர் அதைப் பார்த்தார். மைசூர்பாகை வாயிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். தாள் கைமாறி அவரிடமே திரும்பி வந்தது.

“தேதியச் சத்தமா வாசிங்கய்யா,” என்றாள் செல்லக்கனி. “நாளைக்கு விருதுநகர்ல அதிகாரி முன்னாலயும் நீங்கதான் வாசிக்கணும்.”

“பன்னிரண்டு, ஆறு, அறுபத்தொன்பது,” என்றார் தமிழாசிரியர். தாளை இன்னும் கண்ணருகே கொண்டுபோனார். “ஜூன் மாதம்.”

“தேதி என்பதும் ஒரு குறிதான்...” அய்யாதுரை உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “எந்தக் குறியும் தானாக ஒரு...”

கேட்பதற்கு ஆள் இல்லை. அச்சக முதலாளி ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செல்லக்கனிக்கு வெற்றி பெற்ற மாதிரியே இல்லை. வாயில் அந்தப் பச்சை மசியின் கசப்புத்தான் இருந்தது.

முத்துப்பேச்சி சுவரோரம் நின்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். ஜூன் பன்னிரண்டிலிருந்து ஜூலை இருபத்து மூன்று வரை. எண்ணி முடித்து, அய்யாதுரைக்கு நேர் எதிரே வந்து நின்றாள். இப்போது அவர் அவள் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டியிருந்தது.

“நாப்பத்தோரு நாளு இருந்துச்சுய்யா. அதுல ஒரு நாளாவது உங்க அண்ணாச்சிகிட்டப் போயிச் சொன்னீகளா?”